விற்றுமுதல் பெருத்தால் சந்தை தரமாகிவிடுமா?

ஆப்ஷன் ஒப்பந்தங்கள் வாரம்தோறும் காலாவதியாகும் வாராந்திர எக்ஸ்பைரியை ஒழித்தால் இந்தியப் பங்குச் சந்தையின் தரம் கெட்டுவிடும் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். விற்றுமுதல் சுருங்குமாம், விலை நிர்ணயம் பழுதாகுமாம், சிறு வர்த்தகரின் செலவு கூடுமாம். இந்த வாதத்தில் ஒன்றுகூட நிற்காது. கைக்காசை இழந்துகொண்டிருக்கும் லட்சக்கணக்கானோரிடம் இதைச் சொல்வது பொறுப்பற்ற செயலும்கூட.

விற்றுமுதலே தரம் என்று நம்புகிறவர், அது எங்கே நடக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். எக்ஸ்பைரி நாட்களில் குறியீட்டு ஆப்ஷன்களின் விற்றுமுதல், அவற்றுக்கு அடிப்படையான ரொக்கச் சந்தையைப் போல 350 மடங்கையும் தாண்டுவதுண்டு என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் முழுநேர உறுப்பினராக இருந்த அனந்த் நாராயண் 2025 ஜூலையில் வெளிப்படையாகவே சொன்னார். பங்கின் விலை பிறக்கும் இடம் சின்னது. அந்த விலையின் மேல் பணம் கட்டும் இடம் மிகமிகப் பெரியது. சின்ன இடத்தில் விலையை அசைத்துவிட்டுப் பெரிய இடத்தில் அள்ளலாம் என்ற ஆசையை இந்த அமைப்பே வளர்க்கிறது.

2024 ஜனவரி 17, புதன்கிழமை. வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் வாராந்திர எக்ஸ்பைரி. முந்தைய மாலை வெளியான எச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டு முடிவுகள் முதலீட்டாளர்களை ஏமாற்றியிருந்தன. காலையிலேயே குறியீடு பெரும் பள்ளத்தில் திறந்தது. அன்று அமெரிக்க வர்த்தக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் குழுமம் காலை நேரத்தில் வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சர்களையும் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கியது என்றும், அதே வேளையில் குறியீடு இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களை அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் குவித்தது என்றும், பிற்பகலில் வாங்கியதை எல்லாம் விற்றுத் தள்ளியது என்றும் செபியின் 2025 ஜூலை இடைக்கால உத்தரவு சொல்கிறது. பங்கிலும் ஃபியூச்சரிலும் நஷ்டம் சுமார் 62 கோடி. ஆப்ஷனில் லாபம் சுமார் 735 கோடி. குற்றச்சாட்டை அந்தக் குழுமம் மறுக்கிறது, மேல்முறையீட்டுக்கும் போயிருக்கிறது. தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் என் கேள்வி மாறாது. ஒரு வங்கியின் மோசமான செய்தியைச் சந்தை விலையாக்கிக்கொண்டிருந்த காலைப் பொழுதில், ஆப்ஷன் லாபத்துக்காகப் பங்கில் நஷ்டப்படுவது கணக்குக்குக் கட்டுப்படியாகும் என்றால், அன்றைய விலையை யார் நம்புவது? கட்டுரையாளர் பாதுகாக்கத் துடிக்கும் விலை நிர்ணயம் இதுதான்.

செலவுக்கு வருவோம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி ஐந்து பைசாதான், இதைவிட மலிவான சந்தை உண்டா என்று கேட்கிறார். 1,500 ரூபாய்ப் பங்குக்கு ஐந்து பைசா ஒன்றுமே இல்லை. எக்ஸ்பைரி மதியம் இரண்டு ரூபாய்க்கு விற்கும் ஆப்ஷனுக்கு அதே ஐந்து பைசா இரண்டரை சதவீதம். 2025-இல் நிஃப்டி ஒரு லாட் 75. இரண்டு ரூபாய்க்கு ஒரு லாட் வாங்கினால் பிரீமியம் 150 ரூபாய். ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்றால் வாங்க 20, விற்க 20. வரியைச் சேர்க்காமலே நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதையும் வாரம் தவறாமல் கட்டவைக்கிறது இந்த ஏற்பாடு. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன்களில் தனிநபர் வர்த்தகர்கள் பரிவர்த்தனைச் செலவாக மட்டும் கட்டியது சுமார் 50,000 கோடி ரூபாய் என்கிறது செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு. பாதிக்கு மேல் தரகர்களுக்கு. இருபது சதவீதம் சந்தைகளுக்கு. மலிவு என்ற சொல்லை இதற்குமேல் எப்படி நியாயப்படுத்துவார்?

விரும்பித்தானே வருகிறார்கள், நஷ்டம் அவர்கள் பொறுப்பு என்ற வரிதான் கட்டுரையிலேயே எனக்குக் கடுங்கோபம் தந்தது. அந்த மூன்றாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரே ஒரு சதவீதம். 2023-24-இல் செலவைக் கழிக்கும் முன்பே தனிநபர்கள் இழந்தது 61,000 கோடிக்கு மேல். அதே ஆண்டில் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் சம்பாதித்தார்கள். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் அல்கோ எனும் கணினி நிரல் வர்த்தகம் வழியாக வந்தது. முப்பது வயதுக்குட்பட்ட பையன் டீக்கடை வாசலில் கைபேசியைத் தட்டி எதிர்கொள்வது அந்தக் கணினிகளை. இதைச் சமமான ஆட்டம் என்று எழுத மனம் எப்படி வந்தது?

பாதுகாப்புக்காகத்தான் ஆப்ஷன் என்பது இன்னொரு சமாதானம். ஐந்து வருடம் பங்கை வைத்திருப்பவருக்கு மாத ஆப்ஷன் போதும். இன்று மதியம் காலாவதியாகும் ஒன்றைக் காலையில் வாங்குபவர் எதையும் பாதுகாக்கவில்லை.

2024 நவம்பரில் ஒரு சந்தைக்கு ஒரே வாராந்திரக் குறியீடு என்று செபி சுருக்கியது. பேங்க் நிஃப்டியின் வாராந்திர ஒப்பந்தம் போயிற்று. அதனால் எந்த வங்கிப் பங்கு விலை தெரியாமல் தவித்தது? கட்டுரையாளர் ஒரே ஒரு பங்கின் பெயரைச் சொல்லட்டும்.