முன்பல் விழுந்தால் முடியும் பிழைப்பு

எங்கள் தெருவில் அண்மையில் நடந்த ஓர் இறுதி ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக் குழு வாசித்துச் சென்றது. பெரிய டிரம்மைச் சுமந்து நடந்தவரை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஒருகாலத்தில் அக்குழுவின் முதன்மை டிரம்பெட் கலைஞர் அவர். விசாரித்தேன். "முன்பல் இரண்டும் போய்விட்டன ஐயா, இனி உதடு நிற்காது" என்றார்.

டிரம்பெட் வாசிப்பவருக்கு மூலதனம் கருவி மட்டுமன்று. மூச்சும், உதடும், உதட்டைத் தாங்கும் பல்லும்தான். சிறுவயதில் தந்தையிடம் கேள்வி ஞானமாகக் கற்ற வித்தை ஐம்பத்திரண்டாம் வயதில் பல்லோடு போயிற்று. பிரதான வாத்தியக்காரருக்குரிய பங்கும் உடன் போயிற்று.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) அவையிலேயே மேனாட்டு பேண்டு இசை ஒலித்தது. இக்கலை நமக்குப் புதிதன்று. ஆனால் இன்று ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. முகூர்த்த மாதங்களிலோ செண்டை மேளமும் ஒலிபெருக்கியும் போட்டிக்கு வந்துவிட்டன.

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற பொருளியலாளர்கள் 1966-இல் ஓர் உண்மையை விளக்கினர். நிகழ்த்துகலையில் உற்பத்தித்திறன் எளிதில் உயராது. செலவோ பிற துறைகளின் ஊதியத்தோடு சேர்ந்து உயரும். பத்துப் பேர் வாசித்த இசைக்கு இன்றும் பத்துப் பேர் வேண்டும். பெரிய இசை அரங்குகளில் அந்தச் சுமையை அரசும் புரவலர்களும் பகிர்கின்றனர். பேண்டுக் குழுவிலோ கலைஞரே தம் கூலியைக் குறைத்துக்கொண்டு சுமக்கிறார்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2019-இல் தொடங்கிய ஷ்ரம் யோகி மான்தன் திட்டம், 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. சேருவதற்கான வயது வரம்பு 18 முதல் 40. அத்திட்டம் வந்தபோதே இவர் நாற்பதைக் கடந்திருந்தார். நலிந்த கலைஞர்களுக்கு மாநில அரசின் நிதியுதவி உண்டு. அது நலிந்த பின் கிடைக்கும் உதவி, உழைத்ததற்கான உரிமை அன்று.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்கீழ்த் திட்டங்களை வகுப்போர், உடல் முந்திக்கொண்டு ஓய்வுபெறும் தொழில்களைத் தனியே கருத வேண்டும். நாற்பதைக் கடந்தவரும் சேர வழி வேண்டும். அவர் செலுத்த இயலாத பங்கின் ஒரு பகுதியை அரசு ஏற்க வேண்டும்.

நம் வீட்டு மணமகனை அழைத்து வந்ததும், நம் பெற்றோரை வழியனுப்பியதும் அவர்கள் மூச்சுதான். அந்த மூச்சு தளரும்போது அவர்களுக்கு நாம் தருவது என்ன?