கணக்கு வேகம் அதே, இணைப்பு மட்டும் குறைவு: ‘என்விலிங்க்’ எப்படி உலக அரசியல் ஆனது?

சீனாவுக்கு எந்த சிப்பை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று 2022 அக்டோபர் 7-ம் தேதி அமெரிக்க வர்த்தகத் துறை ஒரு விதியை வெளியிட்டது. அதில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று, சிப் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும் என்பது. இது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். இன்னொன்று, அந்த சிப் மற்ற சிப்புகளுடன் விநாடிக்கு எவ்வளவு டேட்டா பரிமாறிக்கொள்ளும் என்பது. அதற்கு 600 ஜிபி என்று கோடு கிழித்தார்கள். இரண்டு கோட்டையும் தொடும் சிப்புக்கு லைசென்ஸ் கட்டாயம்.

என்விடியா அடுத்த மாதமே ஒரு வழி கண்டுபிடித்தது. தன்னுடைய ஏ100 சிப்பின் கணக்கு வேகத்தில் கை வைக்கவில்லை. இணைப்பு வேகத்தை மட்டும் 600-லிருந்து 400 ஜிபியாகக் குறைத்து, ‘ஏ800’ என்று பெயர் வைத்து சீனாவுக்கு அனுப்பியது. பிறகு வந்த எச்100 சிப்பின் இணைப்பு வேகம் 900 ஜிபி. சீனாவுக்கான ‘எச்800’-ல் அதுவும் 400 ஆனது. ஏஐ வேலைக்கான கணக்கு வேகம் அப்படியே இருந்தது.

அப்படி அந்த இணைப்பில் என்ன இருக்கிறது?

மெட்டா நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட ‘லாமா 3.1’ மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய வடிவத்தில் 40,500 கோடி எண்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் மொத்தம் 810 ஜிபி. எச்100 சிப் ஒன்றின் மெமரி வெறும் 80 ஜிபி. எட்டு சிப் கொண்ட ஒரு சர்வரில் 640 ஜிபிதான் ஆச்சு. அதிலும் இடம் போதாது. ஒவ்வோர் எண்ணையும் 1 பைட்டாகச் சுருக்கி, எட்டு சிப்புகளுக்குள் அடங்கும் ஒரு வடிவத்தையும் மெட்டாவே வெளியிட வேண்டியிருந்தது.

ஆக, பெரிய மாடல் எதுவும் ஒரே சிப்பில் உட்காராது, பிரித்துத்தான் வைக்க வேண்டும். பிரித்து வைத்தால், ஒரு சிப் போட்ட கணக்கின் விடை அடுத்த சிப்புக்கு உடனே தேவைப்படும். கல்யாண வீட்டில் எட்டு சமையல்காரர்கள் இருந்து, அரிசி ஒருவரிடம், பருப்பு இன்னொருவரிடம், புளி வேறொருவரிடம் இருந்தால் எப்படி? கை எட்டும் தூரத்தில் இருந்தால் பந்தி நேரத்துக்குப் போடலாம். ஒவ்வொன்றுக்கும் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும் என்றால், எட்டு பேரில் ஆறு பேர் சும்மா நிற்பார்கள். சும்மா நிற்கும் சிப்பும் மின்சாரம் தின்னும்.

கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டைச் செருகும் வழக்கமான பாதை பிசிஐஇ. அதன் ஐந்தாம் தலைமுறையில் இரு திசையும் சேர்த்து விநாடிக்கு 128 ஜிபி போகும். எச்100-ல் உள்ள ‘என்விலிங்க்’ அதைப்போல ஏழு மடங்கு. ஒரு சிப் பக்கத்து சிப்பின் மெமரியை நேரடியாகத் தொட்டுப் படிக்கவும் முடியும். ‘எட்டு சிப்பின் மெமரியும் ஒன்றாகிவிடும்’ என்று விளம்பரத்தில் சொல்வது கொஞ்சம் மிகைதான். சொந்த மெமரியை விநாடிக்கு 3,350 ஜிபி வேகத்தில் படிக்கும் சிப், பக்கத்து வீட்டு மெமரியை ஒரு திசையில் 450 ஜிபி வேகத்தில்தான் படிக்கும். இருந்தாலும், படிக்கட்டு ஏறுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

கேம் ஆடுபவர்களுக்கு இதன் தாத்தாவைத் தெரிந்திருக்கும். இரண்டு கார்டுகளை ஜோடி சேர்க்கும் ‘எஸ்எல்ஐ’-யை 2004-ல் என்விடியா கொண்டுவந்தது. அதில் மெமரி கூடாது. 4 ஜிபி கார்டு இரண்டு போட்டாலும் கணக்கு 4 ஜிபிதான், ஏனென்றால் ஒரே படத்தகவலை இரண்டும் தனித்தனியே வைத்திருக்கும். 2016-ல் என்விலிங்க் சர்வர் சிப்பில் வந்தது. 2020-ல் வெளியான ஆர்டிஎக்ஸ் 3090 கார்டிலும் அது இருந்தது. இரண்டு 3090 வாங்கி 48 ஜிபி மெமரியில் வீட்டிலேயே மாடல் ஓட்டியவர்கள் உண்டு. 2022-ல் வந்த 4090-ல் அந்த இணைப்பு இல்லை. கேம்கள் அதைப் பயன்படுத்தாதது ஒரு காரணம். ஆனால், விலை குறைந்த கார்டுகளை இணைத்து சர்வர் வேலை பார்க்கும் வழி அடைபட்டது என்விடியாவுக்கு நஷ்டம் இல்லை.

குறைத்துக் கொடுத்த இணைப்பு சீனாவைத் தடுத்ததா? டீப்சீக் நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘வி3’ மாடல் 2,048 எச்800 சிப்புகளில் பயிற்சி பெற்றது. ஒரு சிப்பில் உள்ள 132 கணக்குப் பகுதிகளில் 20-ஐ டேட்டா அனுப்புவதற்கென்றே ஒதுக்கியதாக அதன் ஆய்வறிக்கை சொல்கிறது. எந்தத் தகவலும் நான்கு சர்வர்களுக்கு மேல் அலையாதபடி மாடலையே கட்டுப்படுத்தினார்கள். கணக்குப் போட வேண்டிய கைகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுமை தூக்கப் போனது. நஷ்டம்தான், ஆனாலும் வேலை நடந்தது.

அதற்கு ஓராண்டு முன்பே, 2023 அக்டோபரில், அமெரிக்கா விதியை மாற்றிவிட்டது. இணைப்பு வேகக் கோட்டை எடுத்துவிட்டு, மொத்தக் கணக்கு வேகத்தையும் சிப்பின் பரப்புக்கு எவ்வளவு வேகம் என்பதையும் பார்த்தது. ஏ800, எச்800 இரண்டும் தடைக்குள் வந்தன. என்விடியா இம்முறை தலைகீழாகச் செய்தது: ‘எச்20’-ல் கணக்கு வேகத்தை வெகுவாகக் குறைத்து, 900 ஜிபி இணைப்பை முழுதாகக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் எச்20-க்கும் லைசென்ஸ் கேட்டபோது, மெமரி வேகமும் இணைப்பு வேகமும் மறுபடி விதிக்குள் வந்தன. கைவிட்ட அளவுகோலை இரண்டே ஆண்டில் தேடி எடுத்தார்கள்.

ஹுவாவே வேறு பாதை பிடித்தது. தனிச் சிப்பில் என்விடியாவை எட்ட முடியாததால், 384 சிப்புகளை ஒளியிழை மூலம் இணைத்து ‘கிளவுட்மேட்ரிக்ஸ் 384’ கட்டியது. மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நாட்டுக்கு அது கட்டுப்படியாகும். என்விடியாவின் ‘என்விஎல்72’ ஒரே அலமாரியில் 72 சிப்புகளை 5,000-க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்களால் கட்டுகிறது. ஒவ்வொரு சிப்புக்கும் விநாடிக்கு 1,800 ஜிபி. செம்பு என்பதால் மின்செலவு குறைவு, ஆனால் தூரம் போகாது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே அலமாரிக்குள் நெருக்கி அடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த இணைப்பு ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது அமெரிக்காவுக்குள்ளேயே பலருக்கு உறுத்துகிறது. ஏஎம்டி, இன்டெல், கூகுள், மைக்ரோசாப்ட், மெட்டா உள்ளிட்டவை சேர்ந்து 2024 மே மாதம் ‘யுஏலிங்க்’ என்ற பொது இணைப்பை அறிவித்தன. 1,024 சிப்புகள் வரை சேர்க்கலாம் என்ற அதன் முதல் வரையறை 2025 ஏப்ரலில் வந்தது. அடுத்த மாதமே என்விடியா ‘என்விலிங்க் ஃபியூஷன்’ என்று கதவைக் கொஞ்சம் திறந்தது. மற்ற நிறுவனங்களின் சிப்பும் உள்ளே வரலாம், என்விடியாவின் சிப்போடு சேர்ந்து. அந்தக் கூட்டணியில் இருந்த இன்டெல்லே 2025 செப்டம்பரில் என்விலிங்க்குடன் இணையும் சிப் செய்ய ஒப்புக்கொண்டது. என்விடியா அதில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தது.

நம் ஊரிலும் ‘இந்தியா ஏஐ மிஷன்’ பற்றிப் பேசும்போது எத்தனை ஆயிரம் ஜிபியு என்றுதான் செய்தி வருகிறது. 2025 மே மாதக் கணக்கில் அது 34,000-ஐத் தாண்டியது. அவை பல நிறுவனங்களின் டேட்டா சென்டர்களில், பல வகை சிப்புகளாகப் பிரிந்து கிடப்பவை. ஒரு பெரிய மாடலைப் பயிற்றுவிக்க வருபவர் முதலில் கேட்பது அந்த மொத்த எண்ணிக்கையை அல்ல. ஒரே இடத்தில், ஒன்றோடொன்று இணைந்த சிப்புகள் எத்தனை கிடைக்கும் என்பதைத்தான்.