புரதத்துக்கும் உண்டு பின்கோடு!

பேக்கரியில் வாங்கும் பன்னை உப்ப வைப்பது ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர் அது. 200 ஈஸ்ட் செல்களை வரிசையாக நிறுத்தினால்கூட ஒரு மில்லிமீட்டர்தான் வரும். அவ்வளவு சிறிய செல்லுக்குள் சுமார் 4 கோடி புரத மூலக்கூறுகள் இருக்கின்றன!

அவை கண்டபடி அலைவதில்லை. சில, மரபணுக்கள் இருக்கும் உட்கருவுக்குப் போக வேண்டும். சில, ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு. இன்னும் சில, செல்லைவிட்டே வெளியே போய் அங்குள்ள சர்க்கரையை உடைக்க வேண்டும். எது எங்கே போக வேண்டும் என்று யார் சொல்வது?

யாரும் சொல்வதில்லை. முகவரி அந்தப் புரதத்திலேயே எழுதியிருக்கிறது!

மூன்றெழுத்து முகவரி

எழுத்துகள் கோத்து வார்த்தை உருவாவதுபோல, அமினோ அமிலங்கள் கோத்து உருவாவது புரதம். அந்தச் சங்கிலியில் ஒரு சிறு பகுதிதான் முகவரி. வெளியே போக வேண்டிய புரதத்துக்கு அது பெரும்பாலும் தலைப்பக்கம் இருக்கும். நீளம் 15 முதல் 30 அமினோ அமிலங்கள். புரதம் சரியான பாதைக்குள் நுழைந்ததும் அந்தத் துண்டு வெட்டப்பட்டுவிடும். கடிதம் வந்து சேர்ந்ததும் உறையைக் கிழித்துப் போடுகிறோமே, அதுபோல!

பெராக்ஸிசோம் என்ற குட்டி அறைக்குப் போகும் புரதங்கள் பலவற்றுக்கு வால்பக்கம் உள்ள மூன்றே மூன்று அமினோ அமிலங்கள் போதும். புரதங்களுக்குள் இப்படி முகவரி இருப்பதைக் கண்டறிந்த குந்தர் புளோபெல், 1999-ல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, முகவரி மட்டும் இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடுமா? தபால்காரர் வேண்டுமே! செல்லுக்குள் அந்த வேலையைச் செய்வது யார்?

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன சிறுவன்

கலிபோர்னியாவில் ஒரு சிறுவன். அக்கம்பக்கத்து வீடுகளில் புல் வெட்டிக் கொடுத்து, மைக்ரோஸ்கோப் வாங்கக் காசு சேர்த்தான். அம்மாவோ அவ்வப்போது அதிலிருந்து எடுத்துச் செலவு செய்துவிட்டார். ஒரு சனிக்கிழமை பொறுமை போய்விட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக போலீஸ் ஸ்டேஷன் போனான். அம்மா காசை எடுத்துவிடுவதால் மைக்ரோஸ்கோப் வாங்க முடியவில்லை, வீட்டைவிட்டே போகப் போகிறேன் என்று முறையிட்டான். அன்றே அடகுக் கடை ஒன்றில் அவனுக்கு ஒரு மைக்ரோஸ்கோப் கிடைத்தது.

அந்தச் சிறுவன்தான் ராண்டி ஷெக்மன். 1976-ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஈஸ்ட்டை ஆராய நிதி கேட்டார். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் விடவில்லை.

ஓர் அலுவலகத்தில் யார் என்ன வேலை செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொருவருக்காக லீவு கொடுத்துப் பார்க்கலாம். எந்த வேலை நிற்கிறதோ, அது அவருடைய வேலை. ஷெக்மனும் அவருடைய மாணவர் பீட்டர் நோவிக்கும் ஈஸ்ட் மரபணுக்களுக்கு இப்படித்தான் 'லீவு' கொடுத்தார்கள்.

அதில் ஒரு சிக்கல். முக்கியமான மரபணு முழுவதும் பழுதானால் செல் செத்துவிடும். பிறகு எதை ஆராய்வது? அதனால் 25 டிகிரியில் நன்றாக வளர்ந்து, 37 டிகிரியில் மட்டும் தடுமாறும் ஈஸ்ட்களைத் தேடிப் பிடித்தார்கள். சூடு ஏறியதும், வெளியே போக வேண்டிய புரதங்கள் உள்ளேயே தேங்கின. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஒரு செல் முழுக்கக் குட்டிக் குட்டிப் பைகள். லாரி வராத குடோனில் பார்சல்கள் குவிந்து கிடப்பதுபோல!

சில செல்களில் புறப்படும் இடத்திலேயே தேக்கம், சிலவற்றில் நடுவழியில், சிலவற்றில் கடைசி வாசலில். எங்கே தேங்கியதோ அங்கேதான் அந்த மரபணுவுக்கு வேலை. 1980-க்குள் இப்படி 23 மரபணுக்கள் சிக்கின.

பாலூட்டிகளின் செல்களில் இதே வேலையைச் செய்யும் புரதங்களை ஜேம்ஸ் ரோத்மன் என்பவர் தனியாகத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பிரித்தெடுத்த முக்கியப் புரதம் ஒன்றுக்கும், ஷெக்மனின் ஈஸ்ட் மரபணு ஒன்றுக்கும் அப்படியே பொருத்தம். பன்னை உப்ப வைக்கும் ஈஸ்ட்டிலும் நம் உடம்பிலும் ஒரே தபால் ஏற்பாடு! 2013-ல் இவர்கள் இருவரும் தாமஸ் சூடாஃபும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

முகவரி மாறினால்..?

இந்த அறிவு மருந்துக் கடை வரை வந்துவிட்டது. மனித இன்சுலினுக்கான மரபணுவோடு 'வெளியே போ' என்ற முகவரியையும் இணைத்து ஈஸ்ட்டுக்குள் வைத்தால், ஈஸ்ட் அதைத் தயாரித்து வெளியே தள்ளிவிடுகிறது. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் ஒரு பகுதி இப்படித்தான் வருகிறது.

முகவரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பிரைமரி ஹைப்பராக்சலூரியா என்பது ஓர் அரிய பரம்பரை நோய். கல்லீரலில் பெராக்ஸிசோமுக்குப் போக வேண்டிய ஒரு நொதி, சிலருக்கு மரபணுவில் உள்ள சிறு மாற்றங்களால் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. நொதிக்கு வேலை தெரியும். ஆனால், அது போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த வேலை இல்லை. விளைவு? உடலில் ஆக்சலேட் பெருகி, சிறுநீரகத்தில் கற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. சிறுநீரகமே செயலிழக்கவும் கூடும்.

சிறுநீரகக் கல் எல்லாமே இதனால் வருவதல்ல. ஆனால், சிறு குழந்தைக்குக் கல் வந்தாலோ, குடும்பத்தில் பலருக்குத் திரும்பத் திரும்ப வந்தாலோ, இந்த நோய்க்கான பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. இந்த முகவரிப் பிழை உள்ளவர்களில் பலருக்கு, மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் வைட்டமின் பி6 பலன் தருகிறது. சீக்கிரம் தெரிந்தால், சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பும் அதிகம்.