கரியமில வாயு மரத்துக்குச் சாப்பாடாம்!

புவி வெப்பமாதல் என்று பேச்சை எடுத்தாலே போதும், ஒரு கோஷ்டி கிளம்பி வந்துவிடும். "கரியமில வாயுதானே மரத்துக்குச் சாப்பாடு? புகை கூடினால் காடும் செழிக்கும். இதற்குப் போய் ஏன் இத்தனை கூப்பாடு?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் சோற்றை மட்டும் அண்டா அண்டாவாகக் கொட்டினால் பிள்ளை வளர்ந்துவிடுமா? மரத்துக்கு மண்ணிலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். அதைப் பற்றி இந்தக் கோஷ்டி வாயே திறக்காது.

இதைக் காட்டிலேயே சோதித்துப் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில், ஸ்வீட்கம் மரங்களைச் சுற்றிக் குழாய்கள் நட்டு, 1998 முதல் 2009 வரை கூடுதல் கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். 2001-03இல் மரங்களின் மொத்த உற்பத்தி 24 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆகா என்று கைதட்டுவதற்குள், 2008இல் அது 9 சதவீதமாக இறங்கிவிட்டது. காரணம், மண்ணில் தழைச்சத்துப் பற்றாக்குறை.

ஓக் ரிட்ஜில் இருந்தவை இளம் மரங்கள். முதிர்ந்த மரங்களின் கதை என்ன? ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே, மணிச்சத்து குறைந்த மண்ணில் நிற்கும் யூகலிப்டஸ் காட்டில் 2012இல் இதே சோதனை தொடங்கியது. 2020இல் முடிவு வெளியானது. மரங்கள் 12 சதவீதம் கூடுதலாகக் கார்பனை உள்ளே இழுத்திருந்தன. ஆனால் மரம் பருக்கவில்லை. இழுத்ததில் பெரும்பகுதியை மரங்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மூச்சாக விட்டு, திரும்பவும் காற்றுக்கே அனுப்பிவிட்டன. வரவு கூடியது, சேமிப்பு கூடவில்லை!

"இங்கிலாந்தில் கூடியதே?" என்பார்கள். உண்மைதான். ஸ்டாஃபோர்ட்ஷயரில் 2017இல் தொடங்கிய சோதனையில், சுமார் 180 வயதான ஓக் மரங்கள் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாகக் கட்டை போட்டிருக்கின்றன. இதிலிருந்து தெரிவது என்ன? ஒரு காட்டில் கிடைத்தது இன்னொரு காட்டில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. மண்ணைப் பார்க்காமல் உலகத்துக் காடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குப் போடுவது ஏமாற்று வேலை.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதை மரம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு நிலக்கரியை எரித்துக்கொண்டே இருப்பது, வராத பணத்தை வரவில் எழுதிவிட்டுச் செலவு செய்வது போலத்தான். அந்தக் கணக்கில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.