மதியக் கச்சேரிக்கு வாருங்கள்!

மார்கழிக் கச்சேரி என்றாலே விலை உயர்ந்த நுழைவுச் சீட்டு என்றெண்ணி நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். ஆனால், சென்னைச் சபாக்கள் பலவற்றில் மதியக் கச்சேரிகளைக் கட்டணமின்றியே கேட்கலாம். இவ்வாண்டு என் நெஞ்சைக் கவர்ந்தவை அவையே. நம் வயதையொத்த கலைஞர் தோடியை விரிவாகப் பாடுகிறார், கேட்போரோ இருபதின்மர்! மற்ற நாற்காலிகள் காலி.

பாரிமுனையருகே இராஜா அண்ணாமலை மன்றத்தையும் இவ்வாண்டுதான் கண்டேன். 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் இல்லம் அது. தேவாரப் பண்களை ஆராயும் அறிஞர் அவையும் அச்சங்கம் நடத்துவதே.

இன்று மாலை மேடையில் அமரும் கலைஞர் பலரும் மதிய மேடையில் தொடங்கியவர்களே. அன்று கேட்க ஆளிருந்தது, வளர்ந்தார்கள். மாணவ நண்பர்களே, வரும் மார்கழியில் அந்த நாற்காலிகளை நாம் நிரப்புவோமா?