மெதுவாகப் போகவும் மூளை வேண்டும்!



நம்ம செட்டில் ஒருவன் புது வண்டி வாங்கினால் முதல் கேள்வி என்ன? "மச்சி, எவ்வளவு போகும்?" அதுதானே! "எவ்வளவு மெதுவா போகும்?" என்று எவனாவது கேட்டால், "இவனுக்கு என்னாச்சு?" என்று சிரிப்போம். நானும் அப்படிச் சிரித்தவன்தான்... என் மாமாவோடு கடலுக்குப் போகும் வரை.

தூத்துக்குடியில் மாமா ஒரு வல்லம் வைத்திருக்கிறார். தூண்டிலைப் பின்னால் விட்டு, இழுத்துக்கொண்டே போய்ச் சீலா மீன் பிடிப்பார். லீவில் ஒருநாள் மோட்டார் பிடியை என் கையில் கொடுத்தார். நான் ஒரே முறுக்கு! மாமா சிரித்தார். "மருமவனே, வேகமா ஓட்ட எவனாலயும் முடியும்லே. மீன் கடிக்கிற வேகத்துல ஓட்டணும், அதுதான் தொழிலு!"

சரியென்று அடியோடு குறைத்தால் அதிலும் வம்பு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினை நெடுநேரம் குறைந்த வேகத்தில் ஓட்டினால் பிளக்கில் எண்ணெயும் கரியும் படிந்து, மூச்சுத் திணறி நின்றுவிடும். அன்று நடுக்கடலில் பிளக்கைக் கழற்றித் துடைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. வேகத்தைக் கூட்டுவது போலவே, குறைப்பதும் ஒரு பொறியியல்!

அமெரிக்காவின் ஏரிகளில் இதற்கென்றே தனி மோட்டார் உண்டு. பேட்டரியில் ஓடும் டிரோலிங் மோட்டார். 1934-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் தொடங்கிய 'மின் கோட்டா' இதில் பழம்பெயர். அங்கே 'வால்ஐ' என்ற மீனுக்கு இரையை மணிக்கு 1 அல்லது 2 மைல் வேகத்தில் இழுப்பார்கள். நாம் நடப்பதை விடவும் மெதுவாக! வேகம் கூடினால் மீன் திரும்பிப் பார்க்காது.

பழைய மாடல்களில் வேகத்தைக் குறைக்கும் வழி என்ன தெரியுமா? மோட்டாருக்குத் தொடரில் ஒரு ரெசிஸ்டன்ஸ் காயில். நாம் லேபில் ரியோஸ்டாட் வைத்துச் செய்கிறோமே, அதே சங்கதிதான். இதில் என்ன தப்பு? வாருங்கள், கணக்குப் போடுவோம்.

12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் 30 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 360 வாட். புரொப்பெல்லருக்குத் தேவையான முறுக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பாதி வேகத்துக்குக் கரண்ட் கால் பங்கு, அதாவது 7.5 ஆம்பியர் போதும். மோட்டாரின் உள் இழப்பை விட்டுவிட்டால் வோல்டேஜும் 6 போதும். மோட்டாருக்கு வேண்டியது 45 வாட்தான். ஆனால் மீதி 6 வோல்ட்டை ரெசிஸ்டன்ஸ் தின்று, இன்னொரு 45 வாட்டைச் சூடாக்கி விடுகிறது! மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தால் இன்னும் மோசம். மோட்டாருக்குப் போவதைப் போல இரண்டு மடங்கு சூடாகப் போகும்.

சாப்பர் சர்க்யூட்டில் இந்தத் தண்டம் இல்லை. மாஸ்ஃபெட்டை நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் தடவை ஆன்-ஆஃப் செய்து சராசரி வோல்டேஜை 6 ஆக்குகிறோம். பேட்டரியிலிருந்து சராசரியாக 3.75 ஆம்பியர்தான் போகும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி, ஏட்டுக் கணக்கில், ரெசிஸ்டன்ஸில் 13 மணி நேரம் என்றால் இதில் 26 மணி நேரம்!

போன செமஸ்டரில் நாங்கள் நால்வர் சேர்ந்து இப்படி ஒரு சர்க்யூட் செய்தோம். ஆன் செய்தோம், ஆஃப் செய்தோம், 'டப்'! மாஸ்ஃபெட் காலி. மோட்டாருக்குக் குறுக்கே ஃப்ரீவீலிங் டையோடு போட மறந்திருந்தோம். சுவிட்ச் ஆஃப் ஆகும்போது சுருளில் ஓடும் கரண்ட் போக வழியின்றி வோல்டேஜாக எகிறும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவர்கள்தான் நாங்கள்! அந்த 'டப்' சொல்லித் தந்ததை எந்த நோட்ஸும் சொல்லித் தரவில்லை.

"ரெசிஸ்டன்ஸ் முறை எளிது, மலிவு, ரிப்பேர் சுலபம்" என்று சிலர் சொல்லலாம். வாஸ்தவம்தான். ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்கு அது போதும். ஆனால் நாள் முழுக்க மெதுவாக ஓட வேண்டிய இடத்தில் அது பேட்டரியைக் குடிக்கும். பாரம் கூடினால் வேகமும் அதிகமாகத் தளரும். இதை நம் ரெக்கார்டு நோட்டில் எங்கே எழுதுகிறோம்? வேகம்–வோல்டேஜ் கிராஃப் போட்டு, கையெழுத்து வாங்கி, மூடி வைத்துவிடுகிறோம். ரியோஸ்டாட்டைத் தொட்டுப் பார்த்து, "இந்தச் சூடு யாருடைய காசு?" என்று கேட்டதுண்டா?

என் கருத்து இதுதான். லேபில் இந்தச் சோதனை செய்யும் ஒவ்வொருவரும் இழப்பு வாட்டையும் கணக்கிட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு பேட்சும் ஒரு சாப்பரைத் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். நம் மாணவர் பேரவை இதைத் துறைத் தலைவரிடம் கோரிக்கையாக வைக்க வேண்டும். உதிரி பாகங்களுக்கு ஆகும் செலவு நாம் கேன்டீனில் ஒரு வாரம் குடிக்கும் டீக் காசுதான்!

நாளை நாம் செய்யப்போகும் சர்க்யூட், யாரோ ஒருவரின் படகிலோ வண்டியிலோ ஓடப்போகிறது. அதில் வீணாகும் ஒவ்வொரு வாட்டும் அவர் சட்டைப்பையிலிருந்து போவது. மாமா மாதிரி ஒருவர் அதை நம்பிக் கடலுக்குப் போவார் என்பதை மறக்காமல் படிப்போம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை