நோயுற்ற வீட்டின் ஞாயிற்றுக்கிழமை

நீண்டகால நோய் ஒன்று வீட்டிற்குள் நுழைந்ததும் முதலில் நின்றுபோவது பயணம். முதலில் பெருகுவது தொலைக்காட்சி. எவரும் கவனியாமலே மறைந்துபோவது வாசிப்பு. சிறுநீரகச் செயலிழப்புக்கு டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோரின் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் கண்டுவரும் மருத்துவன் என்ற முறையிலும், பள்ளி செல்லும் இரு பிள்ளைகளின் தந்தை என்ற முறையிலும், இம்மூன்றும் மருந்துச்சீட்டில் இடம்பெற வேண்டியவை என்றே நான் கருதுகிறேன்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வாரத்திற்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் என டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்தில் 12 மணி நேரமும், ஆண்டில் 600 மணிக்கு மேலும் இயந்திரத்தின் அருகே படுத்திருக்கிறார். நாற்றம்பள்ளியிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ பேருந்தில் வந்து திரும்பும் நேரம் இதில் சேராது. உடன் வரும் மனைவியோ மகனோ அன்றைய கூலியை இழக்கிறார். தோல் பதனிடும் ஆலைகளையும் காலணித் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். அந்த ஞாயிறும், “அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, எங்கே போவது?” என்னும் ஒரே வாக்கியத்தில் கழிந்துவிடுகிறது. கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியுடன் ஒவ்வொரு மூலையில் ஒதுங்குகின்றனர்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் பிள்ளைகளுக்கு. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்து பெரியவனாகித் தன் தந்தையை நினைக்கும்போது, கட்டிலும் மாத்திரைப் பெட்டியும் மட்டுமே நினைவுக்கு வருமானால், அந்நோய் சிறுநீரகத்தோடு நிற்கவில்லை என்றே பொருள். நோயாளிக்கும் நட்டமுண்டு. வீட்டில் தமக்கிருந்த இடம் ‘பராமரிக்கப்படுபவர்’ என்ற இடமாகச் சுருங்கிவிட்டதை அவர் உணர்கிறார். மனச்சோர்வுற்றவர் மருந்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைவிடுவதை மருத்துவமனையில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். தொலைதூரம் செல்லத் தேவையில்லை. நம் திருப்பத்தூர் மாவட்டத்திலேயே ஏலகிரி இருக்கிறது. சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்ல வேண்டும். அவ்வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி, “இவர் யார்?” என்று கேட்டால், மலையேறி முடிப்பதற்குள் ஓர் இலக்கிய வகுப்பே நடந்துவிடும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உள்ளது. வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்கிவருகிறது. 1988ஆம் ஆண்டு அங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் இடப்பட்டது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது அங்கு வழக்கம். புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர் எந்த நாளில் புறப்படலாம்? சிகிச்சை நடந்த அன்று உடல் களைத்திருக்கும், மறுநாளே உகந்தது. திங்கள், புதன், வெள்ளி வருபவர்களுக்குச் சனிக்கிழமையும், செவ்வாய், வியாழன், சனி வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஏற்றவை. வார இறுதியில் இரு சிகிச்சைகளுக்கு இடையே விழும் நீண்ட இடைவெளியில் நீரும் பொட்டாசியமும் உடலில் சேர்வது ஆபத்தானது. ஆகவே உல்லாசப் பயணம் என்பதற்காக நீரின் அளவைக் கூட்டிவிடக் கூடாது. ஏலகிரியின் பலாப்பழம் சுவையானது, பொட்டாசியம் மிகுந்ததும்கூட. அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையால் பை தூக்காதீர்கள். அக்கையை அழுத்தியபடி உறங்காதீர்கள். மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ இருக்குமானால், மருத்துவரைக் காணாமல் புறப்பட வேண்டாம். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் திரவப் பைகளையும் தூய்மைக்குரிய பொருள்களையும் உடன் எடுத்துக்கொண்டு வெளியூரில் தங்கியும் வரலாம். இயந்திர டயாலிசிஸ் பெறுவோர் உறவினர் திருமணத்திற்காகச் சில நாள் வெளியூர் செல்ல நேர்ந்தால், அவ்வூர் மையத்தில் முன்கூட்டியே இடம் கேட்டுப் பெறலாம். அதற்கு வேண்டிய சிகிச்சைக் குறிப்புகளையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் உங்கள் மையத்திலேயே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொலைக்காட்சி. அதைப் பகையாகக் கருதுபவன் அல்லன் நான். 1975இல் சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கிய பிற்பாடு, ஒரு தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் கூடியிருந்து பார்த்த காலமும் உண்டு. படுக்கையில் இருப்பவருக்கு அது நல்ல துணை. எனினும் துணைக்கும் ஓர் அளவுண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்துகிறது. பெரியவர்களுக்கு நான் சொல்லும் விதிகள் மூன்றே. உண்ணும்போது திரை வேண்டாம். ஏனெனில் திரையைப் பார்த்தபடி உண்பவர் உப்பின் அளவையும் குடித்த நீரின் அளவையும் மறந்துவிடுகிறார். உறங்கச் செல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். தனியாகப் பார்ப்பதைக் குறைத்து, ஒரு நிகழ்ச்சியையேனும் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்து, அதைப் பற்றிப் பேசுங்கள்.

மூன்றாவது வாசிப்பு. நூல்கள் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்திற்குப் புதிதன்று. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராகக் கொண்டு சென்றனர். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டதும் 1948இல் நம் மாகாணத்தில்தான். மருத்துவர்களும் இதில் பங்கேற்ற வரலாறு உண்டு. 1989இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில், பரிசோதனைக்கு வரும் குழந்தைகளுக்கு மருத்துவர்களே புத்தகம் கொடுத்து, “தினமும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்” என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பத் தொடங்கினர். அம்முயற்சி பின்னர் அந்நாடு முழுவதும் பரவியது.

டயாலிசிஸ் நேரத்தில் ஒரு கையை அசைக்க இயலாது. கனமான நூலைத் தாங்கிப் பிடிப்பது கடினம். மடித்துப் பிடிக்கத்தக்க வார இதழோ சிறுகதைப் புத்தகமோ போதும். அதற்கும் கண் ஒத்துழைக்காதவர்களுக்கு எளிய வழியொன்று உண்டு. வீட்டில் உள்ள பிள்ளை தினம் பத்து நிமிடம் ஒரு கதையை உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அதைத் தந்தையோ தாத்தாவோ மறுநாள் சிகிச்சையின்போது காதொலிப்பானில் கேட்கட்டும். பிள்ளைக்கு வாசிப்புப் பழகும். கேட்பவருக்கு நான்கு மணி நேரத்தில் ஒரு பகுதி இனிதாகக் கழியும். மாலையில் இருவருக்கும் பேசுவதற்குப் பொருள் இருக்கும். வீட்டில் உருது பேசுவோர் உருதுவிலும், தெலுங்கு பேசுவோர் தெலுங்கிலும் படிக்கட்டும். நூல்கள் கிளை நூலகத்தில் சிறு தொகைக்கு உறுப்பினரானாலே கிடைக்கும்.

“மருந்துக்கே பணம் போதாத வீட்டில் பயணமா, புத்தகமா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். அதனால்தான் பேருந்தில் சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய இடங்களையும் நூலகத்தையும் குறிப்பிட்டேன். பணத்தைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. பயணம் என்றாலே வீட்டுப் பெண்மணிக்குக் கூடுதல் வேலை என்பதே அது. அன்று உப்புக் குறைத்த இட்லியைக் கட்டுவதும், மாத்திரைகளை எடுத்து வைப்பதும், தண்ணீரை அளந்து எடுத்துக்கொள்வதும் பிள்ளைகளின் பொறுப்பாகட்டும். வாரம் முழுதும் பராமரித்தவருக்கு அந்த ஒரு நாளாவது சாளரத்தோர இருக்கை கிடைக்க வேண்டும்.

எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைக் கேட்கும் மருத்துவர், “சென்ற வாரம் எங்கே சென்றீர்கள்? என்ன படித்தீர்கள்?” என்றும் கேட்க வேண்டும். அவர் கேட்க மறந்தாலும் நீங்களாகவே சொல்லுங்கள். அந்த விடையும் உங்கள் உடல்நிலையைப் பற்றிய ஒரு குறிப்புத்தான்.